ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்கு

கொட்டாரத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டேஷனரி கடை. ஒரு மழைநாளில் ஸ்கூட்டரின் முன்னால் நோட்டுக்கட்டை வைத்துக்கொண்டு கடைக்குப் போகும்போது வழுக்கி விழுந்தேன். ஹெல்மெட் ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தலையில் ரத்தக்கட்டு. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தேன்.

வந்த பிறகு வார்த்தைகள்தான் தகராறு செய்தன. ஒன்றை நினைத்தால் வேறொன்று வாயில் வரும். சாம்பார் ஊற்றிவிட்டு, "சுண்ணாம்பு போதுமா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "கொஞ்சம் கூட இருக்கலாம்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பேசுவதை அவர் எப்படிக் கேட்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

செக்கப்புக்குப் போன இடத்தில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. தலையில் அடிபட்டவர்களுக்கு ஞாபகமும் பேச்சும் திரும்பிவர எந்தப் பயிற்சி உதவும் என்று பார்க்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு இளம்பெண் அதை நடத்தினாள். பாதிப்பேருக்கு டேப்லெட்டில் விளையாட்டு, பாதிப்பேருக்கு நோட்டில் எழுதும் பயிற்சி. குலுக்கலில் எனக்கு நோட்டு விழுந்தது. நோட்டு விற்கிறவளுக்கு நோட்டு!

என் வீட்டுக்காரர் விடவில்லை. "அந்த டேப்லெட்டக் குடுங்கம்மா, அதுதான நல்லது?"

"எது நல்லதுன்னு தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வந்து உட்காந்திருக்கேன்?" என்றாள் அவள்.

ஒப்பிட்டுப் பார்க்க அடிபடாத ஆட்களும் வேண்டுமாம். "சார், நீங்க வர்றீங்களா?" என்றதும் அவர் சட்டைக்காலரைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நல்ல மூளைக்கு நாந்தான் சாம்பிள், கேட்டியா?"

அவரை வெளியே நிறுத்திவிட்டு முதலில் எனக்குச் சோதனை வைத்தாள். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்கின் பெயர் சொல்ல முடியுமோ சொல்ல வேண்டும். ஆடு, மாடு சொன்னதும் வழி அடைத்துவிட்டது. கடையிலிருந்து திரும்பும்போது மீன் வாங்கும் கூடையை நினைத்துக்கொண்டேன். சாளை, நெத்திலி, அயிலை, பாரை, சூரை, நெய்மீன், கணவாய் என்று கொட்டிவிட்டேன்.

அவள் பேனாவை நிறுத்தினாள். "மேடம், மீனெல்லாம் விலங்கா?"

"உயிர் இருக்கே."

ஃபோனில் யாரையோ கேட்டாள். செல்லும் என்றார்கள்.

பிறகு அவர் வந்தார். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். "பசு, ஆடு, நாய், பூனை..." ஃபேனைப் பார்த்தார். "பசு."

"பசு சொல்லியாச்சு சார்."

"இது வேற பசு."

மார்க்கை அவள் சொல்லக்கூடாதாம். நான்தான் விரலில் எண்ணிக்கொண்டிருந்தேனே! பஸ்ஸில் வரும்போது அவரும் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். இறங்குகிற சமயத்தில் மெதுவாக, "யானைய எப்படி விட்டேன்?" என்றார். அடிபட்ட பிறகு அன்றைக்குத்தான் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மூன்று மாதம் அந்த நோட்டில் தினமும் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் ஒரு நோட்டில் எழுதினார். எனக்குத் துணைக்கு என்று சொல்லிக்கொண்டார். கடைசிச் சோதனையில் வார்த்தைகள் வேகமாக வந்தன. "நோட்டுதான் சுகமாக்கிச்சு, இல்லையா?" என்றேன்.

"உங்க ஒருத்தரை வச்சுச் சொல்ல முடியாது மேடம். தானா சரியாகியும் இருக்கலாம்."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் பொய் சொல்லாத பிள்ளை என்று பட்டது.

மறுபடி கடையைத் திறந்த அன்று ஒரு அம்மா மகனோடு வந்தார். "அது குடுங்க... அரைவட்டமா, கோடு கோடா... வாய்ல வரமாட்டேங்குது."

"பாகைமானி" என்றேன். எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. அவர்கள் போனதும் தனியாக நின்று இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் தலை பாரமாகி ஷட்டரை இறக்கிவிட்டேன். இப்போதும் முழுநாள் கடை திறக்க முடிவதில்லை.