தங்கை வீட்டு நன்மைக்கு நான் சொன்ன ஸ்தோத்திரம்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சேலத்தில் கரி பஸ் ஏறினேன். யுத்தம் தொடங்கியதிலிருந்து பெட்ரோலுக்குப் பஞ்சம். வண்டியின் முதுகில் ஒரு கரியடுப்பைக் கட்டி, அதன் புகையில் ஓட்டுகிறார்கள். ராசிபுரம் தாண்டி ஒரு மேட்டில் எல்லாரையும் இறக்கிவிட்டு டிரைவர் அடுப்பைக் கிளறினார். இறங்கி ஏறியதில், பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் என் வெள்ளைப் புடவை சாம்பல் நிறமாயிற்று. சேந்தமங்கலம் வரை பன்னிரண்டு அணா. அங்கிருந்து காளப்பநாயக்கன்பட்டிக்கு ஜட்கா. ஆறணா கேட்டவர் நாலணாவுக்கு வந்தார்.

எதற்காக இந்தப் பயணம் என்றால், கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டு உபதேசியாருக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கை ரூத், அறுவடைக்குச் சபையார் நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அவசியம் வரவேண்டுமென்று ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆடி மழையில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எனக்குக் கலியாணமாகிப் பதினோரு வருஷம், அவளுக்கு மூன்று. அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டவள் கதையை எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பிறந்த குழந்தையைப் பார்க்க ஆறு மாதமாக நான் போகாததற்குப் பள்ளிக்கூட வேலையைக் காரணம் சொல்லி வந்தேன்.

அன்றிரவு அடிவாரத்திலேயே ஒரு விசுவாசியின் வீட்டில் தங்கினேன். சனிக்கிழமை விடிந்ததும் ரூத் அனுப்பிய சடையன் என்பவர் வந்து என் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டார். திண்ணனூர் நாட்டில் சாமை பயிரிடுகிறவர். சபையில் சேர்ந்து சில வருஷம் ஆகிறதாம். டோலிக்கு மூன்று ரூபாய் என்றார்கள். தங்கையைப் பார்க்கப் பல்லக்கில் போவானேன் என்று நடந்தே ஏறினேன். பாதி மலையில் என் முழங்கால் அந்த மூன்று ரூபாயை நினைத்து அழுதது.

ஊற்றோரம் உட்கார்ந்தபோது, "குழந்தை எப்படிங்க இருக்கான்?" என்று கேட்டேன்.

சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அத நாஞ் சொல்லப்படாதுங்க. மேல வந்து நீங்களே பாருங்க."

"ஏன், உடம்புக்கு ஏதாச்சுமா?"

"அப்படியெல்லாங் கேக்காதீங்க, சாமி. மொதல்ல நீங்கதான் சொல்லோணும். நாங்க சொன்னா ஆகாதுங்க."

குழந்தைக்கு ஏதோ குறை என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சந்தேகம் மிச்ச மலையை ஏறுவதற்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. ஒளித்து என்ன பயன், இருந்தது.

உச்சிவெயில் சாய்ந்தபின் மேலே சேர்ந்தோம். மலைக்கு மேல் இன்னொரு சமவெளி. படிப்படியாக நெல் வயல், சரிவில் சாமைக் காடு, பலா மரங்களில் மிளகுக் கொடி, புல் வேய்ந்த வீடுகள். ரூத் ஓடிவந்து என் கையில் குழந்தையைத் திணித்தாள். ஒரு குறையும் இல்லை. தொடை இரண்டும் மடிப்பு மடிப்பாக, என் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். அவளுக்கு வாசலில் ஆரஞ்சு மரம், கொல்லையில் குளிர்ந்த ஓடை, போதாததற்கு இவனும். சேலத்தில் குழாயடியில் குடத்தோடு நிற்கும் என்னை நினைத்துக்கொண்டேன்.

"பையன் நல்லா இருக்கானாக்கா?" என்றாள் ரூத்.

"உனக்குத் தெரியாதா?" என்று குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

சாப்பாட்டுக்குப் பின் அவள் கணவர் உபதேசியார் விஷயத்தை விளக்கினார். "இங்க யாரும் தன் வாயால தன் வெள்ளாமை நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாங்க அக்கா. சொன்னா கண்ணு பட்டுரும்னு பயம். அது வீண் பயம்னு நானும் பிரசங்கம் பண்ணிப் பாத்தேன். ஆமாங்கன்னு தலையாட்டுனாங்க. ஸ்தோத்திரப் பண்டிகையில எந்திரிச்சுச் சொல்லுங்கன்னா ஒருத்தரும் வாயத் தொறக்கல. அப்புறம் அவங்களே ஒரு வழி பண்ணிக்கிட்டாங்க. இவன் ஊட்டு நன்மைக்கு அவன் ஸ்தோத்திரம் சொல்றது, அவன் ஊட்டு நன்மைக்கு இவன் சொல்றது."

"அப்படீன்னா உங்க குழந்தைக்கு இத்தனை பேர்ல ஒருத்தர் சொல்லியிருக்கலாமே?"

"தலைப்பிள்ளைக்குப் பொறந்த ஊட்டு ஆளுதான் சொல்லோணுமாம். நாளைக்கும் சொல்லலைன்னா அடுத்த பண்டிகை வரைக்கும் இவன் ஸ்தோத்திரமில்லாத பிள்ளைதான். சபையில ஒரு பொம்பளையும் இவனைத் தூக்கமாட்டா."

எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்றால் நான் ஒருத்திதான். ஆள் மேல் ஆள் வந்த காரணம் புரிந்தது. தேவன் செய்த நன்மைகளை மறக்கக்கூடாதென்று பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்குச் செய்ததை நினைப்பதே பெரும்பாடு; அவளுக்குச் செய்ததற்கு நான் எழுந்து நின்று நன்றி சொல்லவேண்டுமாம்!

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆராதனை. புல் வேய்ந்த ஜெபவீட்டில் சாமை மூட்டை, வாழைத்தார், தேன் குடுவை எல்லாம் முன்னால் குவிந்திருந்தன. பாட்டு முடிந்ததும் ஒரு பெண் எழுந்தாள். "எதுத்த ஊட்டு நல்லம்மா எருமை கெடாரிக் கன்னு போட்டுச்சு. எங்க எருமை செத்துப்போச்சு. நல்லம்மாளுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே." சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. அடுத்து சடையன். "காட்டுப்பன்னி எங்காட்டப் பூரா மேஞ்சுட்டு எங்கண்ணன் காட்டத் தொடாமப் போயிருச்சு. எங்கண்ணனுக்காக ஸ்தோத்திரம்." சொல்லும்போது அவர் பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. சபையும் பார்த்தது, ஆனாலும் அதே சத்தத்தோடு "ஸ்தோத்திரம்" என்றது.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரூத் மட்டும் பார்க்கவில்லை. குழந்தையின் சட்டையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அழகாக நாலு வாக்கியம் பேச எனக்குத் தெரியும். எழுந்து நின்றதும் அவை ஒன்றும் வரவில்லை.

"ஆண்டவரே, என் தங்கச்சிக்கு மகனைக் கொடுத்தீர். எனக்குக் கொடுக்கல. எனக்கு வயிறு எரியுது. அவன் நல்லா இருக்கான், கொழுகொழுன்னு இருக்கான். ரூத்துக்காக ஸ்தோத்திரம்."

யாரும் திடுக்கிடவில்லை. காட்டுப்பன்றிக்குச் சொன்ன அதே சத்தத்தில் "ஸ்தோத்திரம்" வந்தது. பக்கத்திலிருந்த நல்லம்மாள் உடனே கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து இன்னொருத்தி வாங்கினாள். ரூத் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ரூத் எழுந்தாள்.

"எங்கக்காவுக்கு நாஞ் சொல்லோணும். எங்கம்மா கெடையில கெடந்த மாசமெல்லாம் மழை. ஓடையெல்லாம் வெள்ளம், என்னால எறங்க முடியல. எங்கம்மா கடைசிவரைக்கும் எங்கக்கா கையால கஞ்சி குடிச்சா. எங்கக்கா மடியிலதான் போனா. அத அவளுக்குக் குடுத்தீர் ஆண்டவரே. எனக்குக் குடுக்கல. அக்காவுக்காக ஸ்தோத்திரம்."

அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில், இரவும் பகலும் புண்ணைக் கழுவிக்கொண்டு, சின்னவள் மலைமேல் தப்பித்துக்கொண்டாள், பாரமெல்லாம் என் தலையில் விழுந்தது என்று நான் கரித்துக்கொட்டாத நாளில்லை. இவள் அதை நன்மை என்கிறாள்! வெறும் பேச்சுக்குச் சொல்கிறாளோ என்று அவளை ஏறிட்டுப் பார்த்தேன். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, என்னைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பொறாமை. பதினோரு வருஷமாகக் கண்ணாடியில் பார்க்கிற முகம், எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை காலையில் இறங்கினேன். மலை விளிம்புவரை ரூத் கூட வந்தாள். அம்மா என்னென்ன கேட்டாள், கஞ்சியில் உப்புப் போட்டாயா, யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் சொன்னேன்.

சேலத்தில் எங்கள் கோவிலில் ஓடு வேய்ந்த கூரை, பெஞ்சு, ஆர்மோனியம் எல்லாம் உண்டு. ஸ்தோத்திரக் காணிக்கையை உறைக்குள் போட்டு ஒட்டிவிடுகிறோம். யார் வீட்டில் என்ன நன்மை என்று வெளியே தெரிவதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அது மிகவும் சௌகரியம்.

ரூத்தின் மகனை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அம்மாவோடு இருந்த அந்த மாதங்களை மாற்றிக்கொள்கிறாயா என்று இப்போது யாராவது கேட்டால், அந்தப் பிள்ளையையே பதிலுக்குத் தந்தாலும் கொடுக்கமாட்டேன்.