குங்குமப்பூச் சோறும் ஒரு டம்ளர் மோரும்

போன ஐப்பசி. பாளையங்கோட்டையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், என் அச்சகத்தின் பின்பக்கக் கழிவறையில் நான் செத்துப்போனேன்.

அதாவது, செத்தாச்சு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். குனிந்து பார்த்தால் சிறுநீர் செக்கச்செவேல் என்று போகிறது. சும்மா சிவப்பு இல்லை. நல்ல ஆரஞ்சு ஜூஸில் கொஞ்சம் செங்கல்பொடியைக் கலக்கினால் ஒரு நிறம் வருமே, அது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் என் நிலைமை புரியும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுப்பவன் நான். பத்து நிமிஷத்தில் என் அஞ்சலி போஸ்டரை மனசுக்குள் தயார் செய்துவிட்டேன். போட்டோதான் சிக்கவில்லை. ஊர்க்காரர்கள் அத்தனை பேர் படமும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, என் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. ஆதார் அட்டையில் இருப்பதைப் போடுவதற்குச் சாகாமலே இருந்துவிடலாம்.

இதற்கு முந்தின கதை ஒன்று உண்டு. ஒரு மாசத்துக்கு மேலாக எனக்கு இருமல். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். ஆடாதொடைக் கஷாயம், தூதுவளை ரசம் என்று எதையெல்லாமோ குடித்துப் பார்த்தேன். இருமல் எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக இருந்தது, நான்தான் இளைத்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் வாக்கிங் போகிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேட்டி இடுப்பில் நிற்காத நிலைமை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளியைச் சோதித்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். காசநோய் என்றார்கள்.

அங்கே மாத்திரை கொடுக்கிற சுகாதாரப் பணியாளர், என் மகள் வயசுப் பெண், எதிரே உட்கார வைத்து நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னது. ஆறு மாசம், ஒரு நாள்கூட விடக்கூடாது, மாஸ்க் போடணும், வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிவந்து பரிசோதனை செய்யணும். எனக்குப் பயம் வந்தால் வாயில் தமாஷ் வரும், அது பிறவிக் குணம். அந்தப் பிள்ளை ஏதோ முக்கியமாகச் சொல்ல ஆரம்பிக்கவும், ஆறு மாசம் சாப்பிட்டால் இதற்கு ஏதாவது பட்டம் கொடுப்பீர்களா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த முக்கியமான விஷயம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. எல்லாம் இந்த அட்டையில் இருக்கு, படிச்சுப் பாருங்க சார் என்று ஒரு அட்டையைக் கொடுத்தது. ஊரார் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும் மூன்று தடவை படித்துத் திருத்துகிற நான், என் அட்டையை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. மாத்திரைகளோடு சேர்த்து அச்சகத்தில் பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். வீட்டுக்காரியிடம் பேப்பர் தூசியால் வந்த அலர்ஜி, அதுதான் மாஸ்க் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் முதல் நாள் மாத்திரை. மத்தியானம் மரணம்.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்கலாம் இல்லையா? பண்ணவில்லை. மாத்திரை ஈரலைப் பொத்தலாக்கிவிட்டது என்று நானே கண்டுபிடித்திருந்தேன். பொத்தலாக்கியவர்களிடமே போய் நியாயம் கேட்பார்களா? அதனால் என் சகலைக்குப் போன் போட்டேன். முக்கூடல் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். காசநோயைச் சொல்லவில்லை. நிறத்தை மட்டும் சொன்னேன். மனுஷன் யோசிக்கவே இல்லை.

"காமாலைதான் வே. ஒரு பிடி சோத்த எடுத்து அதுல போட்டு ராத்திரி பூரா வையும். சோறு மஞ்சளாச்சுன்னா முடிவு பண்ணிரலாம்."

எங்கள் பக்கத்தில் இது பழைய சோதனை. எங்கள் அப்பாவுக்கே இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு தேங்காய்ச் சிரட்டையில், விவரம் வேண்டாம், செய்தேன். மறுநாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அச்சகத்து மொட்டை மாடியில் ஒளித்துவைத்த சிரட்டையைப் போய்த் திறந்தேன்.

சோறு மஞ்சளாகவில்லை. குங்குமப்பூ போட்ட பிரியாணிச் சோறு மாதிரி பளபளவென்று ஜொலித்தது. என் ஆயுசில் அத்தனை அழகான சோற்றை நான் பார்த்ததில்லை. அன்றையிலிருந்து பிரியாணிக் கடைப் பக்கம் என்னால் போக முடியவில்லை, அது தனிக் கதை.

சகலையிடம் போனில் சொன்னேன். அவருக்கும் பயம் பிடித்துவிட்டது. முக்கூடலைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிறார்கள், கூலி வாங்குவதில்லை, வெறும் வயிற்றில் போகணும் என்றார். இன்னொன்றும் சொன்னார். பச்சிலை குடித்தால் பத்தியம். உப்பு, எண்ணெய், புளி கிடையாது. இங்கிலீஷ் மாத்திரை அறவே கூடாது.

அந்தக் கடைசிச் சொல் எனக்குத் தேனாக இருந்தது. மாத்திரையை விட ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து, அச்சகத்துக்குப் போய் அன்றைக்குள்ள மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். வெறும் வயிறு என்றால் மாத்திரை சேர்த்தியா என்று ஒரு சந்தேகம் வந்தது. கடைசியாக ஒருதடவை, ரெண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டுவைப்போம் என்று சமாதானம் செய்துகொண்டேன். மிச்ச மாத்திரைகளை அட்டையோடு ஒரு மஞ்சள் பையில் போட்டு ஸ்கூட்டரில் வைத்தேன். போகிற வழியில் ஆற்றில் வீசிவிடுவது என்று திட்டம்.

சேரன்மகாதேவி பக்கம் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். தாமிரபரணி இரு கரையும் தொட்டுப் போகிறது. பையை எடுத்துக் கைப்பிடிச் சுவருக்கு மேல் நீட்டினேன். ஐப்பசிக் குளியல் அல்லவா, அந்த நேரத்திலும் கீழே படித்துறையில் ஏழெட்டுப் பேர். இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ அண்ணாச்சி, ஆத்துல என்னத்தப் போடுதீரு? நாங்க குளிச்சிக்கிட்டு நிக்கது தெரியலையோ?"

ஒன்றுமில்லை, காற்று வாங்குகிறேன் என்றேன். விழுகிற தூற்றலில், மாஸ்க் போட்டுக்கொண்டு, பையை நீட்டிப் பிடித்தபடி காற்று வாங்கிய ஒரே ஆள் நான்தான். திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

பச்சிலை வீட்டு முற்றத்தில் ஏற்கெனவே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். சாமியாடி, உடுக்கை, வேப்பிலை என்று என்னென்னவோ எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். ஐம்பது வயசு இருக்கும் ஒரு அம்மா, பள்ளிக்கூடச் சத்துணவில் வேலை பார்க்கிறவராம், பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓரமாக அம்மியில் ஒரு பெரிய உருவம் கீழாநெல்லியை அரைத்துக்கொண்டிருந்தது. கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. வந்தவர்கள் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அந்தம்மா சீட்டைப் படித்து, வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லி, கண் இமையை இறக்கிப் பார்த்து, அப்புறம்தான் மோரில் கலந்து ஒரு டம்ளர் கொடுத்தார். எனக்கு முன்னால் நின்றவருடைய சீட்டைப் பார்த்துவிட்டு, இது எங்கிட்ட நிக்காது, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க என்று ஆட்டோவே வரவழைத்து அனுப்பிவிட்டார்.

என் முறை வந்தது. சீட்டு இல்லை என்றேன். சரி, கண்ணைக் காட்டுங்க என்றார். பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பசி எப்படி, அரிப்பு இருக்கா என்று கேட்டார். பிறகு, எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்வி.

"என்ன மாத்திர சாப்பிடுதீய?"

பின்னால் அத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன். அவர் என் கண்ணையே பார்த்தார். மறுபடியும் கேட்டார். வழக்கம்போல ஒரு தமாஷை எடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தமாஷ் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஐம்பத்தொரு வயசு ஆம்பளை, மூன்று நாள் பயத்தையும் சேர்த்துவைத்து, வரிசையில் நின்று மூக்கை உறிஞ்சினேன். கண்ணீர் ஓடி வெள்ளை மாஸ்க் ஓரத்தில் இறங்கியது.

அந்தம்மா கொஞ்சம் முன்னால் குனிந்தார். என் மாஸ்க்கைப் பார்த்தார். குரலை இறக்கி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"காமாலைக்காரனுக்குக் கண்ணு மஞ்சளா இருக்கும் அண்ணாச்சி. ஒங்களுக்குக் கண்ணு வெள்ளையா இருக்கு, கண்ணீருல்லா கலரா வருது. மாத்திர ஆரம்பிச்சு எத்தன நாளாச்சு?"

கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தேன். கைக்குட்டை ஆரஞ்சு. வயிற்றோடு சேர்த்து மூன்று விரலைக் காட்டினேன்.

அவர் தலையை ஆட்டினார். சட்டியிலிருந்து மோரை ஊற்றினார், பச்சிலைக் கிண்ணத்தில் கரண்டியை விட்ட மாதிரி ஒரு பாவனை, டம்ளரை நீட்டினார்.

"வெறும் மோருதான். மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டுக் குடிங்க, வரிசையில பாக்காவ."

நான் நாடகத்தில் நடித்ததில்லை. அன்றைக்கு நடித்தேன். கசப்பில் உடம்பே முறுக்கிக்கொள்கிற மாதிரி குடித்த குடியில், எனக்குப் பின்னால் நின்றவர் இரண்டடி பின்வாங்கினார்.

அப்புறம் டம்ளரைக் கழுவுவதுபோல என்னை அம்மிப் பக்கம் கூட்டிப்போனார். அரைத்துக்கொண்டிருந்த மலையைக் காட்டினார். அவர் வீட்டுக்காரராம். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே நோய், இதே மாத்திரை. ஆறு மாசம் ஒரு நாள் விடாமல் விழுங்கியிருக்கிறார். இப்போது பஸ் ஓட்டுகிறார். மலை அரைப்பதை நிறுத்தாமல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பைய வாயைத் திறந்தது.

"மொத நாளு ஒண்ணுக்குப் போயிட்டு நான் ஊரையே கூட்டிட்டேன். நீங்க பரவால்ல, தனியாத்தான் வந்திருக்கீய."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அழுகையும் நிற்கவில்லை. அந்தம்மா சிரிக்கவில்லை. மாத்திரையோட நிறம்தான் எல்லா வழியிலும் வெளியே வருது, மாத்திரை கொடுத்தவங்க சொல்லியிருப்பாங்களே என்றார். பட்டம் கேட்டுச் சிரித்தது ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். இனிமேல் நிஜமாகவே கண் மஞ்சளானாலோ, வாந்தி வந்தாலோ, தன்னிடம் வரக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"நடுவுல விட்டீயன்னா நோய் திரும்பி வரும். அப்ப இந்த மாத்திரைக்கு அது அடங்காது. அதுக்கு எங்கிட்டப் பச்சில கெடையாது அண்ணாச்சி."

திரும்பி வரும்போது பாலத்தில் மழை கொட்டியது. படித்துறையில் ஒரு ஈ காக்கை இல்லை. வீச நினைத்திருந்தால் அதுதான் நேரம். வண்டியை நிறுத்தி, மஞ்சள் பையை எடுத்துச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். காலையில் அதட்டிய அந்தக் குளிக்கிற மனுஷரை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அவர் மட்டும் அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்கியிருந்தால் என் மாத்திரை அத்தனையும் மீனுக்குப் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து ஈரத்தோடு நின்று வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பட்டம் கேட்டதிலிருந்து பிரியாணிச் சோறு வரை. அவள் உள்ளே போய் என் பனியனையும் தலையணை உறையையும் கொண்டுவந்து போட்டாள். கழுத்துப் பக்கம் எல்லாம் லேசான ஆரஞ்சு.

"மூணு நாளா எல்லாம் காவியாயிட்டு வருது. சொல்லாமக் கொள்ளாமச் சாமியாராப் போறீயளோன்னுல்லா நெனச்சேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கிற தைரியமும் இல்லை. மறுநாள் அவளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அவளுக்குச் சோதித்ததில் நோய் இல்லை. அந்தப் பிள்ளை எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லும்மா என்றேன். வாயைத் திறக்காமல் கேட்டேன். இரண்டாவதாகவே சொன்னது, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படக்கூடாது என்று.

ஆறு மாசம். ஒரு நாள் விடவில்லை. சளியில் கிருமி இல்லை, மாத்திரையை நிறுத்தலாம் என்று சொன்ன வாரத்து ஞாயிற்றுக்கிழமையே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய் வரிசையில் நின்றேன். உடம்பு தேறியிருந்தது, மாஸ்க்கும் இல்லை. அந்தம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, என்ன மாத்திர சாப்பிடுதீய என்றார்.

இந்தத் தடவை வரிசை முழுவதும் கேட்கச் சொன்னேன். காசநோய்க்கு ஆறு மாசம் சாப்பிட்டேம்மா, முடிஞ்சது, குணமாயிட்டு, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அம்மிச் சத்தம் நின்றது. அந்தம்மா ஒரு டம்ளர் மோரை ஊற்றி நீட்டினார். இந்தத் தடவை மூஞ்சியைச் சுளிக்க வேண்டியிருக்கவில்லை.

வண்டியை எடுக்கப் போனபோது, வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர் பின்னாலேயே வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், மூக்கை மூடி மாஸ்க். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி, அந்த மாத்திர போட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலர்லதான் போகுமா?"

அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. ஆறு மாசத்துக்கு முன்னால் என் முகத்தில் இருந்ததுதான். வண்டியை ஸ்டாண்ட் போட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, கழிவறையிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னேன். அவர் அங்கிருந்தே ஊருக்குத் திரும்பிவிட்டார், வரிசைக்குப் போகவில்லை.

ஊரைச் சிரிக்க வைக்கிறவன் என்ற பெயர் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நோயைப் பற்றிப் பேசும்போது ஒருவர் அளவுக்கு மீறித் தமாஷ் பண்ணினால், நான் பதில் தமாஷைத் தேடாமல், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பையக் கேட்டுவிடுகிறேன்.