ஆசனங்களில் வந்த பெட்டிகள்

சீன விமானங்களைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது. இலண்டன் விமான நிலையத்தில் பல வருடங்களாக அவற்றின் உட்புறத்தைக் கூட்டித் துடைப்பவள் நான். சேர்ந்த புதிதில் பெய்ஜிங், ஷாங்காய் என்று இரண்டொரு ஊர்களிலிருந்துதான் வந்தன. பிறகு அடிக்கடி ஏதாவது புது ஊர் சேரும். பெயரை வாசிக்கவே நாக்குச் சுளுக்கும். ஆசனங்களுக்கடியில் சூரியகாந்தி விதைக் கோது கிடக்கும். திட்டிக்கொண்டேதான் கூட்டுவேன். இப்போது சரக்குக்கென்றே தனி விமானங்களும் வருகின்றன.

கொரோனாக் காலத்தில் பயணிகள் நின்றுபோனார்கள். துப்புரவு செய்த எங்கள் எட்டுப் பெண்களையும் வேலையை விட்டு நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விமானங்கள் நிற்கவில்லையே. அதே பயணிகள் விமானங்கள், ஆசனங்களில் முகக்கவசப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்தன. பயணிகள் ஏறும் கதவுக்குள் சரக்கு இறக்கும் இயந்திரம் நுழையாது. பெட்டிகளைக் கையால்தான் இறக்க வேண்டும்.

நேரே மேற்பார்வையாளரிடம் போனேன். தமிழ்நாட்டுக்காரர், என்னைவிட இளையவர்.

"அக்கா, இது ஆம்பளைங்க வேலை. உங்களால முடியாது."

"எனக்கு ஏலும் தம்பி. ஒருநாள் விட்டுப் பாருங்கோ."

என் நச்சரிப்புத் தாங்காமல் விட்டார்.

உள்ளே போனால், ஆண்கள் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரும் புதிருமாய் முட்டிக்கொண்டு நின்றார்கள். சீனப் பணியாளர்கள் இங்கே தங்குவதில்லை. அதே விமானத்தில் திரும்ப வேண்டும். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்டிருந்த ஒருவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நடைபாதையில் இரண்டு பேர் விலகிப் போக முடியாது என்பது துடைப்பவளுக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சத்தம் போட்டேன். ஒருவரும் நடக்க வேண்டாம், வரிசையாய் நின்று கைமாற்றுங்கள், கடைசி ஆசனத்திலிருந்து தொடங்குவோம் என்றேன். முணுமுணுத்தார்கள். நான் போய்க் கடைசி ஆசனத்தருகே நின்று முதல் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பெட்டிகள் நிற்கவேயில்லை. விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது. எனக்குத் தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது.

மேற்பார்வையாளர், பெட்டி இறக்குகிறவர்களின் பெயர்ப் பட்டியலோடு வந்தார்.

"நாளையிலிருந்து உங்க பேரைப் போட்டுடறேன் அக்கா."

எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. அப்போது என் கணவருக்கும் வேலை இல்லை. ஆனால் மற்ற ஏழு பேரும் கண்ணுக்குள் நின்றார்கள்.

"எட்டுப் பேரையும் போடுங்கோ தம்பி. இல்லாட்டி நானும் வரமாட்டன்."

"அது என் கையில இல்லக்கா. கிடைச்சதையும் கெடுத்துக்காதீங்க."

"ஓம், விளங்குது. மேல கேட்டுச் சொல்லுங்கோ. நான் நிக்கிறன்."

அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு அப்பால் போனார். கைக்கு வந்த வேலையை நானே தட்டிவிட்டேனோ என்று பயந்தேன். பக்கத்தில் நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

திரும்பி வந்தவர், "பேருங்களைச் சொல்லுங்கக்கா" என்று பேனாவைத் திறந்தார். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ஏழு பெயரையும் எழுதி முடித்த பிறகுதான் என் பெயரை எழுத விட்டேன்.