கூரையில்லாத காரும் ஓட்டத் தெரியாத சொந்தக்காரரும்

அந்தக் கார் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு யாரும் இதை என்னிடம் கேட்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். என் கணவர் தமிழ்ப் பள்ளி ஆசிரியர். அதே ஊரில் சிலிபின் பக்கம் வாடகை வீடு. அதற்கு முன்னால் தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்தேன். அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டிய அண்ணன் நல்ல மனிதர்தான், ஆனால் பொழுது சாய்ந்தால் கள்ளுக்கடையில் சாய்ந்துவிடுவார். பிரசவ வலிக்குக் கள்ளுக்கடை நேரம் தெரியாது. அதனால் நானே ஸ்டீரிங்கைப் பிடித்தேன். லாலாங் புல் மண்டிய செம்மண் ரோட்டில், பின்னால் ஒருத்தி கத்திக்கொண்டிருக்க வண்டி ஓட்டிப் பழகியவளுக்கு உலகத்தில் எந்த ரோடும் பயமில்லை.

தோட்டத்தை விற்றபோது வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பினார். அவரிடம் பச்சை நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். கூரைக்குப் பதில் ஒரு கான்வாஸ் துணி, அதுவும் மனசு வைத்தால்தான் மூடும். கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகிற அளவுக்கு அது புதுசு இல்லை. அவர் மனைவியின் பிரசவத்துக்கு நான்தான் கூட நின்றேன் என்பதால் என்மேல் ஒரு பிரியம். துரைமார் பேசும் அந்தத் தோட்டத்துத் தமிழில், "இந்தத் தோட்டத்துலெ கியர் போடறப்ப சத்தம் வராத ஆளு நீ ஒருத்திதான். நீயே எடுத்துக்க" என்றார். மிச்சம் பிடித்த சேமிப்பைக் கொடுத்து எடுத்துக்கொண்டேன்.

சிலிபினுக்கு ஓட்டி வந்தபோது என் கணவர் வாசலுக்கு வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கூரெ எங்க?"

"துணி இருக்கு."

"பின்சீட்டு?"

"இல்லெ."

"அப்ப இத காருன்னு யாரு சொன்னா?"

பக்கத்து வீட்டு அக்கா இன்னும் மோசம். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "இது எப்ப வளரும்?" என்று கேட்டார்.

காருக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி இருமும். பட்டறைச் சீனர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "சுசா லா இந்தக் கெரெத்தா", தொல்லை பிடித்த கார் என்று மலாயில் சொல்லிக் கையைக் கழுவிவிட்டார். அப்புறம் நானே ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து, இரண்டின் மூச்சையும் மாற்றி மாற்றிக் கேட்டுத் திருகாணியைத் திருப்பப் பழகிக்கொண்டேன். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் துடிப்பைக் கேட்கிறவளுக்கு இது பெரிய காரியமில்லை.

என் கணவருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அவருக்குச் சைக்கிள்தான். காரில் ஏறினால் முன்னால் இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெல்லப் போ லா, மெல்லப் போ" என்பார். வண்டி அப்போது எங்கள் வீட்டு வாசலைவிட்டே கிளம்பியிருக்காது.

ஒருநாள் ஆஸ்பத்திரி கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சீனப் பல் டாக்டர் என் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் சாவியோடு போனதும் முகம் மலர்ந்து, ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஈப்போ பாடாங் மைதானத்தில் கூடுகிறோம், அங்கிருந்து தாப்பா பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறோம், சாப்பாடு உண்டு, போட்டி உண்டு என்று மலாயில் அடுக்கினார். கடைசியில், "மறக்காமல் உன் புருஷனிடம் சொல்லு. காரைக் கொண்டுவரச் சொல்லு" என்றார்.

"சொல்கிறேன்" என்றேன். சொல்லவும் செய்தேன்.

"நான் எங்க கொண்டுட்டுப் போறது? அதுதான் என்னெக் கொண்டுட்டுப் போவுது" என்றார் என் கணவர். ஆனால் சாப்பாடு உண்டு என்றதும் வெள்ளைச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிறு காலை பாடாங்குக்குப் போனால் கார்கள் தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கிற ஆட்கள்மாதிரி வரிசையாக நிற்கின்றன. சிவப்பு, வெள்ளை, மஞ்சள். எல்லாம் குட்டை. சொந்தக்காரர்கள் எல்லாம் ஆண்கள். பல் டாக்டர், ஒரு மலாய் வக்கீல், ஈயச் சுரங்கக்காரர் வீட்டு மாப்பிள்ளை ஒருவர், ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட ஒரு கிழத் துரை, இன்னும் சிலர். நான் வண்டியை வரிசையில் நிறுத்தி, கழற்றி வைத்திருந்த செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குச் சேலை கட்டினால் வெறுங்காலோடு ஓட்டுவதுதான் வசதி. செருப்பு கிடைத்து நிமிர்வதற்குள் என் கணவரைச் சுற்றி ஒரு கூட்டம்.

ஸ்டீரிங் இருந்த பக்கத்திலிருந்து நான் இறங்கியதை அத்தனை பேரும் பார்த்தார்கள். புருஷன் ஒரு நல்ல மனசில் மனைவிக்குக் கொஞ்ச தூரம் ஓட்டக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. எல்லாக் கேள்வியும் அவருக்குத்தான்.

"இரட்டைக் கார்புரேட்டர் தொந்தரவு செய்யவில்லையா, சிகு?" என்றார் வக்கீல். ஆசிரியர் என்று தெரிந்ததும் அதற்குள் மலாயில் 'சிகு' ஆக்கிவிட்டார்கள்.

என் கணவர் கோயில் திருவிழா நாடகங்களில் ராஜா வேஷம் போடுகிறவர். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வராது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இரட்டைப் பிள்ளைங்கமாதிரிதான். ஒண்ணு அழுதா இன்னொண்ணும் அழும். ரெண்டுக்கும் ஒரே அளவு பால் குடுக்கணும்" என்று ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார்.

பல் டாக்டர் வாயைப் பிளந்தார். "இதைத்தான் நான் ரெண்டு வருஷமாய் இவர்களுக்குச் சொல்கிறேன்!" என்று கூவினார். கிழத் துரை மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்த நிமிஷத்தில் என் கணவர் ஒரு வல்லுநராகிவிட்டார்.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் நோட்டுப் பார்க்கிறவர்போல ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். சுரங்கக்காரர் மாப்பிள்ளையின் மஞ்சள் கார் கீச்சுக்கீச்சென்று கத்தியது. "என்னவாக இருக்கும், சிகு?" என்றார் அவர். என் கணவர் மூடியைத் திறக்கச் சொல்லி, காதைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். நாடகத்தில் வசனம் மறந்துபோனால் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கிறவரை அவர் இப்படித்தான் எதிர்பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

நான் ஆகாயத்தைப் பார்த்தபடி, "ஏங்க, பெல்ட்டு தொளதொளன்னு இருக்குமாட்டுக்கு" என்று தமிழில் சொன்னேன்.

"என்ன சொல்கிறார்?" என்றார் மாப்பிள்ளை.

"மழெ வரும்ங்கிறா" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் கணவர் கண்ணைத் திறந்தார். "என் அபிப்பிராயத்தில், பெல்ட்."

பெல்ட்தான். இறுக்கினார்கள், சத்தம் நின்றது. மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் என்று தெரியாமல் நான் பன் வாங்கிச் சாப்பிடப் போய்விட்டேன்.

பாடாங்கிலிருந்து கார்கள் வரிசையாகக் கோப்பெங், கம்பார் வழியே கிளம்பின. நான் ஓட்டினேன். என் கணவர் பெருமையாக, "எப்படி?" என்றார்.

"எது எப்படி? போட்டி வெச்சிருக்காங்களே, அங்க என்ன பண்ணப் போறீங்க?"

"என்ன போட்டி?"

"கார் ஓட்டுற போட்டி. பின்ன என்ன, சொற்பொழிவா?"

அப்புறம் தாப்பா வரைக்கும் அவர் முன்னால் இருந்த பிடியை விடவில்லை. மெல்லப் போ என்றுகூடச் சொல்லவில்லை.

போட்டி நடந்த இடம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். மரங்களை வெட்டி, வீடு கட்ட நிலத்தைச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள். பெரிய செம்மண் மைதானம். ஓரத்தில் வேரோடு பிடுங்கிப் போட்ட மரங்கள். எண்ணெய்ப் பீப்பாய்களை இடைவெளி விட்டு வைத்து, அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், கடைசிப் பீப்பாயைச் சுற்றித் திரும்ப வேண்டும். வக்கீல் கையில் கடிகாரம்.

ஒவ்வொருவராகப் போனார்கள். புழுதி எங்கள் முடியைச் செம்பட்டையாக்கியது. பல் டாக்டர் மூன்று பீப்பாயை உருட்டிவிட்டு, பல் பிடுங்கப்பட்டவர்போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். பிறகு வக்கீல் கையைத் தட்டி, "சிகு! உங்கள் முறை!" என்றார்.

கூட்டம் முழுவதும் திரும்பியது. என் கணவர் காரைப் பார்த்தார், பீப்பாய்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் உதவிக்கு வராமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறு கையை என் பக்கம் நீட்டி, ராஜா வேஷத்துக் குனிவு குனிந்தார். "லேடீஸ் ஃபர்ஸ்ட்" என்றார்.

ஒரே கைதட்டல். என்ன பண்பு, என்ன பெருந்தன்மை என்று கிழத் துரைகூடப் பாராட்டினார். எனக்கு வேறு வழியில்லை. வேறு வழி வேண்டும் என்றும் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன், முந்தானையை இடுப்பில் செருகினேன், ஏறி உட்கார்ந்தேன்.

அந்த ஓட்டத்தை இப்போதும் என் உள்ளங்கால் ஞாபகம் வைத்திருக்கிறது. செம்மண்ணில் வண்டியின் பின்பக்கம் வழுக்கும்போது பிரேக்கைத் தொடக்கூடாது, விட்டுப் பிடிக்க வேண்டும். ஆம்புலன்ஸில் அந்த வழுக்கல் எனக்குத் தலைவலி. இந்தக் குட்டிக் காரில் அதுவே ஊஞ்சல்போல இருந்தது. பீப்பாய்கள் இடமும் வலமுமாகத் தலைகாட்டிவிட்டுப் போயின. கடைசிப் பீப்பாயைச் சுற்றும்போது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வார்டில் அத்தனை வருஷம் என்னை யாரும் அப்படிச் சிரிக்கக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வந்து நிறுத்தினேன். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், மறுபடி பார்த்தார். அதுவரை ஓடியவர்களில் நான்தான் முதல்.

"அலாமா!" என்றார் மாப்பிள்ளை. "மனைவியே இப்படி என்றால், அவருக்குக் கற்றுக்கொடுத்த சிகு எப்படி ஓட்டுவார்!"

ஆஹா என்று எல்லோரும் என் கணவரைக் காரை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் கையில் இன்னும் என் செருப்பு. ஸ்டீரிங்கின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதுல பிரேக்கு எது?" என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

"நடுவுல."

"நடுவுலன்னா, எத்தனெ இருக்கு?"

நான் அதற்குமேல் தாங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் எழுந்தார். கூரையில்லாத காரில் எழுந்து நிற்பது சுலபம், அதில் ஒரு மேடையின் களையும் உண்டு.

"நண்பர்களே," என்றார் ஆங்கிலத்தில், "எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்சும் இல்லை. கார் இவளுடையது. கார்புரேட்டர் இவளுடையது. பெல்ட்டும் இவள்தான் சொன்னாள். என்னுடையது அந்த இரட்டைப் பிள்ளை உவமானம் மட்டும்."

முதலில் கிழத் துரைதான் சிரித்தார். சிரித்துச் சிரித்து உட்கார இடம் தேடி, கவிழ்ந்து கிடந்த பீப்பாய்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அத்தனை பேரும். பல் டாக்டர் மட்டும் காது மடல் சிவக்க என்னிடம் வந்து, "நான் அன்றைக்கு உங்களிடமே கேட்டிருக்க வேண்டும்" என்றார். "இப்போ கேளுங்க" என்றேன். கேட்டார். சாப்பாடு ஆறிப்போகும்வரை ரப்பர் குழாயையும் திருகாணியையும் பற்றிக் கேட்டார். நல்ல மாணவர்.

கடைசியில் ஓடிய ஒருவர் என்னைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடி முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போனார். எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு தெர்மாஸ் குடுவை. ஆனால் அன்றைய பெரிய பரிசு என் கணவருக்குத்தான். சாப்பாடு முடிந்ததும், இத்தனை பேருக்கும் கடிதம் எழுத, கூட்டம் கூட்ட, பேச ஒரு செயலாளர் வேண்டும் என்று பேச்சு வந்தது. காரில் ஆசை உள்ளவன் எவனுக்கும் எழுத்தில் ஆசையில்லை. எல்லாக் கையும் சிகுவைக் காட்டியது. அவர் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை கேட்பார்களா என்று காத்திருந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த ஓட்டத்தைச் சித்தியவானுக்கு அவர்தான் ஏற்பாடு செய்தார். வழியை நன்றாக விசாரித்து எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் விசாரித்தது சைக்கிளில் போகிறவர்களிடம். ஒரு குறுக்குப் பாதையில் திரும்பி, அத்தனை காரும் வரிசையாக ஒரு தோட்டத்துக்குள் புகுந்துவிட்டன. அன்றைக்கு அங்கே மாரியம்மன் திருவிழா. மந்திரிதான் வந்துவிட்டார் என்று நினைத்து மேளக்காரர்கள் ஓடிவந்து எங்களுக்கு முன்னால் அடித்துக்கொண்டே நடந்தார்கள். திரும்ப இடமில்லாததால் நாங்களும் கோயில்வரை மெதுவாக ஊர்ந்து போனோம்.

அதற்குள் கோயில் தலைவர் மாலையோடு வந்து, யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றார். என் கணவர் கீழே இறங்கி, கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார்.