பச்சைக் கட்டம் போட்ட துணி

அந்தக் கேஜைச் சுற்றி ஒரு துண்டுத் துணி கட்டியிருந்தது. பழைய கைலியிலிருந்து கிழித்தது, பச்சைக் கட்டம் போட்டது. ஏசி மெக்கானிக்குகள் கையில் வைத்திருப்பார்களே, வட்டமான இரண்டு அளவுமானிகளும் மூன்று ரப்பர் குழாய்களும் உள்ள பித்தளைச் சாமான், அதைத்தான் கேஜ் என்கிறேன். ஏசிக்குள் கேஸ் போதுமான அளவு இருக்கிறதா என்று அதை மாட்டித்தான் பார்ப்பார்கள். ஜூலை மாதத்தில் ஷார்ஜாவின் மொட்டை மாடி ஒன்றில் பத்து நிமிடம் வெயிலில் கிடந்தால் அந்தப் பித்தளையைத் தொட முடியாது. அதற்காகத்தான் துணி. நான்கைந்து சுற்றுச் சுற்றி, முனையைச் செம்புக் கம்பியால் இறுக்கியிருந்தார் அதை வைத்திருந்த மெக்கானிக். முதல் தடவை பார்த்தபோதே எனக்கு அது பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் வினை.

அப்போது நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். முப்பத்து மூன்று வயது, ஷார்ஜாவின் முவைலா பகுதியில் மூன்றாம் மாடி வீடு, எல்.கே.ஜி. படிக்கும் மகள். என் ஆய்வுக் கேள்வியை விருந்துக்கு வருகிறவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: நான் ஒருத்தி கார் ஓட்டாமல் இருந்தால் பூமி குளிர்ந்துவிடுமா? குளிராது என்றால், ஓட்டுவதில் என்ன தப்பு? தப்பு உண்டு என்றால் அது யாருடைய தப்பு, எவ்வளவு? வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் பிரியாணிப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். "பூமியைக் காப்பாத்துறவங்க பாத்ரூம் லைட்டை அணைச்சா நல்லாருக்கும்" என்பார் என் கணவர். அவர் கிண்டலில் நியாயம் இருந்தது. குவைத்தில் அப்பாசியாவில் பிறந்து வளர்ந்தவள் நான். ஏசி ஓடும்போது தூங்கி, அது நின்றால் விழித்துக்கொள்ளும் பிறவி. தனிமனிதப் பொறுப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் ஏசி அறையில் சால்வை போர்த்திக்கொண்டுதான்.

அந்த ஏசி ஒரு நாள் நின்றது. கட்டடத்தைப் பராமரிக்கும் கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூடியவர், ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம். நான் தமிழ் பேசியதும், "நம்ம ஊர்ப் பேச்சா இருக்கே!" என்று முகம் மலர்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார். எனக்கு ஊர் என்று சொல்ல அப்பாசியாதான் இருக்கிறது என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். பால்கனியில் இருந்த வெளி யூனிட்டைத் திறந்து கேஜை மாட்டினார். பிறகு என்னிடம் பாத்திரம் கழுவும் சோப்பும் ஸ்பாஞ்சும் கேட்டார். குழாய் இணைப்புகளிலெல்லாம் நுரையைத் தடவிவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். ஓரிடத்தில் நுரை மெல்லக் குமிழி விட்டது. "இந்தா இருக்கான் களவாணி" என்றார். கசிவு அங்கேதான். அதை அடைக்க நெருப்பு வைத்துப் பற்றவைக்க வேண்டும். உள்ளே கேஸ் இருந்தால் நெருப்பு வைக்கக் கூடாது. ஆகவே வால்வைத் திறந்து, மிச்சமிருந்த கேஸை அப்படியே வெளியே விட்டார். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஒரு நிமிடம் இருக்கும்.

அது எங்கே போகிறது என்று கேட்டேன். "எங்க போகும் மேடம், காத்தோட காத்தாப் போயிரும்."

அந்தக் கேஸ் காற்றோடு காற்றாகப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். காரிலிருந்து வரும் புகையைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் சாமான் அது. சட்டப்படி அதை ஒரு மெஷினால் உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்க வேண்டும். நான் அதிர்ந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், குதூகலித்தேன். இரண்டு வருடமாக என் ஆய்வில் யாரோ ஒரு கற்பனை மனிதன் ஞாயிற்றுக்கிழமை உல்லாசமாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் வைக்க, ரத்தமும் சதையுமாக ஒருவர் என் பால்கனியிலேயே வந்து நிற்கிறார். பேட்டி தருவீர்களா என்று கேட்டேன். பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பேரு வராதுல்ல?" வராது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு சில வாரங்கள், அவருடைய வேனுக்குப் பின்னால் என் காரில் போனேன். ஏசி மெக்கானிக்கின் வேனில் ஏசி வேலை செய்யாது. அதன் பின்னால், ஐந்து பேர் உட்காரும் காரில், ஜில்லென்ற காற்றில், பருவநிலைப் பொறுப்பை ஆராய்கிற நான் ஒருத்தி. அப்போது இது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்றாம் நாளிலிருந்து நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். ஒருமுறை ஜெபல் அலி பக்கம் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் ஒன்றுக்குப் போனோம். ராத்திரி டூட்டி முடித்து வந்து பகலில் தூங்க வேண்டியவர்கள், அறையில் ஏசி இல்லாமல் வராந்தாவில் ஈரத்துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் அண்ணன் வால்வைத் திறந்தார். ஸ்ஸ்ஸ். கேஸ் பிடிக்கும் மெஷின் எங்கே என்று கேட்டேன். கம்பெனி முழுவதுக்கும் ஒரே மெஷின், அது ஆபீசில் இருக்கிறது, கேட்டால் சூப்பர்வைசர் "யல்லா யல்லா, அடுத்த சைட்டுக்குப் போ" என்பார் என்றார். "கீழ ஆளுக வேகுறாங்க. நான் மெஷினைத் தேடிக்கிட்டு நிக்கவா?"

நான் விடவில்லை. என் ஆய்வின் மையக் கேள்வியை அந்த வெயிலில் அவரிடம் கேட்டேன். "நான் ஒருத்தன் விடுறதுலயா தங்கச்சி உலகம் சூடாகுது?" என்றார். எல்லாரும் அப்படியே சொன்னால் என்ன ஆகும் என்று மடக்கினேன். கேஜைக் கழற்றி, துணியால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாருக்கும் ஆளுக்கொரு மெஷின் குடுத்துப் பாருங்க. ஒருத்தனும் அப்படிச் சொல்லமாட்டான்." நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். மற்ற மெக்கானிக்குகள் கசிவைத் தேடமாட்டார்கள். கேஸை நிரப்பிவிட்டுப் போய்விடுவார்கள். சில மாதங்களில் அது கசிந்து தீரும், மறுபடி நிரப்புவார்கள். அண்ணன் மட்டும் போகிற வீட்டிலெல்லாம் சோப்பு கேட்டார். ஒரு தடவை திறந்துவிட்டாலும், கசிவை அடைத்துவிட்டுத்தான் நகர்வார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்தக் கம்பெனியில் காற்றை மிகக் குறைவாகக் கெடுத்தவர் அவராகத்தான் இருக்கும். இதை நான் என் கட்டுரையில் எழுதவில்லை. எழுதினால் உதாரணம் குழம்பிவிடும் என்று நினைத்தேன். வாதம் கூர்மையாக இருக்க வேண்டும் அல்லவா? சோப்பை விட்டேன். துணியை வைத்துக்கொண்டேன். 'பழைய கைலித் துணி சுற்றிய கேஜைப் பிடித்தபடி அவர் வால்வைத் திறக்கிறார்' என்று அத்தியாயம் தொடங்கியது. பெயர் இல்லை, ஊர் இல்லை, கம்பெனி இல்லை. படிவத்தில் சொன்னபடி எல்லாவற்றையும் மறைத்துவிட்டதாக நினைத்தேன். அந்த வரி எனக்கு அவ்வளவு அழகாகப் பட்டது.

பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் அதை வாசித்தேன். நல்ல கைத்தட்டல். தேநீர் நேரத்தில், கட்டடப் பராமரிப்பைக் கவனிக்கும் அலுவலர் ஒருவர் வந்து, பிரமாதம் என்றார். அந்தக் கேஜை நம் விடுதி மாடியிலேயே பார்த்திருக்கிறேன் என்றார், சிரித்துக்கொண்டு. பல்கலைக்கழக ஏசிகளையும் அதே கம்பெனிதான் பார்க்கிறது என்பது எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. நானும் சிரித்துவைத்தேன். அங்கேயே அவர் கையைப் பிடித்து, தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சியிருக்கலாம். கெஞ்சினால் ஊர்ஜிதமாகிவிடுமே என்று ஒரு சாக்கு. இதுவரை ஆயிரம் தடவை மனதுக்குள் கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, மகளைப் பள்ளியிலிருந்து அழைக்கப் போகும் வழியில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. "மேடம், ஆபீஸ்ல கூப்பிட்டு விட்டாங்க. கேன்சல்ங்கிறாங்க." விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவதை இங்கே எல்லாரும் கேன்சல் என்றுதான் சொல்வார்கள். "நீங்க பேரு போடலைல்ல? அப்புறம் எப்படி மேடம் கண்டுபிடிச்சாங்க?" தங்கச்சி மறுபடி மேடம் ஆகிவிட்டிருந்தேன். அவர் குரலில் கோபம் இல்லை, புரியாமைதான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள், அவள் முடிக்கும்வரை இருந்தால் போதும் என்றார். "மெஷின் குடுக்கலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். நீங்க படிச்சவங்க, சொன்னா கேப்பாங்க." துணியைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

என் நெறியாளர் மிகவும் நல்லவர். யோசித்துப் பேசுகிறவர். நீ கம்பெனிக்குப் போய்ப் பேசினால் அந்த மெக்கானிக் இவர்தான் என்று நீயே உறுதிப்படுத்துகிறாய், அது ஆய்வு நெறிக்கு விரோதம், எதற்கும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவிடம் கேட்டுக்கொள் என்றார். குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது. என் பெயர் கெடாது, அத்தியாயம் நிலைக்கும், நல்லவளாகவும் இருக்கலாம். பதிலுக்குக் காத்திருந்த நான்கு நாளும் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ரிமோட்டை எடுத்து ஏசியை அணைப்பேன், பத்து நிமிடத்தில் போடுவேன். "மம்மி, ஸ்டாப் இட்" என்று மகள் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ஐந்தாம் நாள், குழுவின் பதில் வரும் முன்பே, கம்பெனி ஆபீசுக்குப் போனேன்.

மேலாளர் மரியாதையாக நடத்தினார். பால் கலக்காத சுலைமானி டீ வந்தது. மெஷின் ஒன்றுதான் இருக்கிறது, அண்ணன் கேட்டும் கொடுக்கவில்லை, அவர்தான் கசிவை அடைக்கிறவர் என்று, எழுதாமல் விட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். இது ஒரு தனிப்பட்ட ஊழியரின் கவனக்குறைவு, கம்பெனி உடனே நடவடிக்கை எடுத்துவிட்டது என்றார். பிறகு கொஞ்சமும் கேலி இல்லாமல், "உங்கள் ஆய்வும் அதைத்தானே சொல்கிறது? தனி மனிதனுக்கும் பொறுப்பு உண்டு என்று?" என்றார். அண்ணனைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். முந்தின நாளே விமானம் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். அண்ணனின் இங்குள்ள போன் எண் அதற்குள் செத்துவிட்டது. ஊர் எண் என்னிடம் இல்லை. அவருடைய ஊரையும் பேரையும் மறைப்பதில் இருந்த அக்கறை, ஒரு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் இருந்ததில்லை.

பட்டம் வாங்கிவிட்டேன். அத்தியாயத்தைத் திருத்தினேன், மெஷினைச் சேர்த்தேன், சோப்பைச் சேர்த்தேன், துணியை எடுத்தேன். அவரை எடுக்கவில்லை. தேர்வாளர் அந்த உதாரணத்தைத்தான் பாராட்டினார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

போன வாரம் எங்கள் ஏசி மறுபடி நின்றது. அதே கம்பெனி. உத்தரப்பிரதேசத்துக்காரர் ஒருவர் வந்தார், புதியவர், இந்தி மட்டும்தான். பையைத் திறந்து கேஜை வெளியே எடுத்தார். அதே துணி. நிறம் மங்கி, எண்ணெய் ஏறி, செம்புக் கம்பி கறுத்திருந்தது. சாமான் கம்பெனியுடையது, ஆள்தானே போவான். இது யாருடையது என்று கேட்டேன். "பெஹ்லே வாலா பாய் கா. அச்சா ஹை, ஹாத் நஹி ஜல்தா" என்றார். முன்னால் இருந்தவருடையது, நல்லது, கை சுடாது. கேஸ் பிடிக்கும் மெஷின் இருக்கிறதா என்று கேட்டேன். "மஃபி" என்று கையை விரித்தார், இல்லை. பிறகு கேஸ் சிலிண்டரை எடுத்து, கசிவைத் தேடாமல் நேராக நிரப்பப் போனார்.

கம்பெனிக்கு ஒரு போன் போட்டுப் புகார் சொன்னால் போதும். யாரை ஊருக்கு அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். போன் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும், அதைப் பற்றிப் புத்தகக் கனத்துக்கு எழுதியிருக்கிறேன். "மம்மி, ஹாட்டா இருக்கு" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள். நான் சமையலறைக்குப் போய்ச் சோப்பும் ஸ்பாஞ்சும் கொண்டுவந்தேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நானே இணைப்புகளில் நுரையைத் தடவினேன். மூன்றாவது இணைப்பில் குமிழி விட்டது. கசிவு தெரிந்துவிட்டது, அடைத்துத்தான் ஆக வேண்டும், அடைக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை வெளியே விட வேண்டும். அவர் என் முகத்தைப் பார்த்தார். திறங்கள் என்றேன். ஸ்ஸ்ஸ். கடைசிவரை பக்கத்தில் நின்றேன். குறிப்பேட்டை எடுக்கவில்லை.

இப்போது அந்த ஏசியின் காற்றில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துணி பச்சை என்று எழுதியிருக்கிறேன். பச்சை இல்லை. கட்டமும் போட்டதில்லை. கைலியிலிருந்து கிழித்ததும் இல்லை. அது எப்படி இருக்கும் என்பதை இனி யாருக்கும் சொல்லமாட்டேன். இன்றைக்கும் அந்தக் கேஜ் ஏதோ ஒரு மொட்டை மாடியில் ஒருவர் கையில் இருக்கிறது.