நான் படிக்காத கடைசி அத்தியாயம்

ஐம்பது என்று நான் போட்டதற்கு ஒரே காரணம், மூன்றாம் மாடி அக்கா நாற்பது என்று போட்டிருந்ததுதான். புத்தாண்டுக் காலையில் எங்கள் அபார்ட்மெண்ட் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில், "இந்த வருசம் யாரு எத்தன புக்கு படிக்கப் போறீங்க, சொல்லுங்க பாக்கலாம்" என்று ஒருத்தர் ஆரம்பித்து வைத்தார். ஒருவர் பத்து என்றார். இன்னொருவர், "மாசத்துக்கு ஒண்ணு, அதுவே எச்சுங்க" என்றார். நான் ஒரு கையில் தோசைக் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடி அக்கா நாற்பது என்று போட்டதும் எனக்குள் என்னவோ சுருக்கென்றது. இந்தக் குழுவில் படிக்கிறவள் என்று பேர் எடுத்தவள் நான். அன்னூரில் பள்ளிக்கூடம் போன காலத்தில் நூலகத்தில் உட்கார்ந்தே சாப்பாட்டை மறந்தவள் என்று நானே பல தடவை சொல்லிப் பீற்றியிருக்கிறேன். ஐம்பது என்று தட்டி அனுப்பினேன். தோசை கருகிவிட்டது. இதயமும் கைத்தட்டலுமாக வந்து குவிந்ததைப் பார்த்தபோது கருகிய தோசை ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. ஒரே பிள்ளை. இங்கிலீஷ் மீடியம். இங்கிலீஷில் எதைக் கொடுத்தாலும் மளமளவென்று படித்துவிடுவாள். தமிழ் என்றால் கல்லில் கால் இடறுகிற மாதிரி எழுத்துக்கு எழுத்து நின்று நின்று போவாள். அதில் அவளுக்கு வெட்கம் உண்டு. வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொன்னால் தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள் என்று அவளுடைய மிஸ் ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அன்று குழுவில் நான் போட்டதைப் பார்த்துவிட்டு அவள் வந்து நின்றாள். "நானும் வெக்கறேன்மா. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். தமிழ்ல. பெரிய புக்கா."

"ஏங்கண்ணு, சின்னதா ஒண்ணு எடுத்துக்கயேன்."

"வேண்டாம். இது." புத்தகக் கண்காட்சியில் தள்ளுபடியில் நான் வாங்கி வந்து பிரிக்காமலேயே வைத்திருந்த தடி நாவலை எடுத்தாள். ஓர் அக்கா, ஒரு தங்கை, அவர்களுடைய வீடு, அதைப் பற்றிய கதை. "நீயும் இதையே படி. ரெண்டு பேரும் முடிச்சதுக்கப்பறம் உக்காந்து பேசலாம். நீயும் உன்ற ஃப்ரெண்டும் அன்னூர்ல பேசுவீங்கன்னு சொல்லுவியே, அந்த மாதிரி."

அவள் அந்த வருடம் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். ஒரு புத்தகத்தைத் தமிழில் முழுசாகப் படிக்க வேண்டும், படித்து முடித்ததும் அம்மாவோடு பேச வேண்டும். நான் சரி என்றேன். அந்த நிமிடத்தில் மனசார சரி என்றுதான் சொன்னேன்.

ஒரே பிரதிதான் இருந்தது. முதலில் நான் படித்துவிடுகிறேன் என்று ஆபீசுக்கு எடுத்துப் போனேன். கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பதாகத் திட்டம். சாப்பாட்டு நேரத்தில் நான் என்ன செய்தேன்? போனைத்தான் நோண்டினேன். குழுவில் மூன்றாம் மாடி அக்கா என்ன முடித்திருக்கிறார் என்று பார்ப்பேன். அவர் வாரம் தவறாமல் ஒன்றை முடித்துப் படம் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் நானும் போட ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் எதைச் செய்தாலும் கூடவே ஒரு 'போட்டு' சேர்த்துக்கொள்வோம். சாப்பிட்டுப்போட்டு வாரேன், குளிச்சுப்போட்டு வாரேன். அந்த வசதியில் நானும் "படிச்சுப்போட்டேனுங்க" என்று எழுதி அட்டையைப் படம் பிடித்துப் போட்டேன். முதல் அத்தியாயம், பின்னட்டை, நடுவில் எங்காவது இரண்டு பக்கம். அதை வைத்தே நாலு வரி அழகாக எழுத எனக்கு வரும். அந்தத் திறமையைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். தை மாதம் முடிவதற்குள் அந்தத் தடி நாவலையும் படிச்சுப்போட்டேன். அதன் பின்னட்டையில் இப்படி இருந்தது: கொடுமுடி ஆற்றங்கரையில் அக்காவும் தங்கையும் மீண்டும் சேரும் கடைசி அத்தியாயம் நெஞ்சை விட்டு அகலாதது. நான் குழுவில் எழுதினேன்: "படிச்சுப்போட்டேனுங்க. மனசுக்கு நெறைவான முடிவு. எல்லாரும் படிங்க."

மகள் அதைப் பார்த்துவிட்டுக் குதித்தாள். "முடிச்சுட்டியாம்மா? எங்கிட்ட கதையச் சொல்லிராதே. நான் வந்து சேர்ந்துக்கறேன்."

அவள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தாள். வெயில் காலம் முழுக்க பால்கனியில் கால் நீட்டி உட்கார்ந்து, விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு, உதடு அசைய அசையப் படித்தாள். புரியாத வார்த்தைக்கு என்னிடம் வருவாள். முதலில் ஒரு பக்கத்துக்குப் பத்து முறை வந்தவள் ஆடி மாதத்தில் வருவதையே நிறுத்தியிருந்தாள். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். பெருமைப்பட்டதையும் குழுவில் போட்டேன்.

ஒரு சாயங்காலம் அடுப்படிக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கதையில் தங்கச்சி சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள், அங்கே காய்ச்சலில் படுத்திருக்கிறாள், அக்காவுக்கு இன்னும் தெரியாது. "அம்மா, தங்கச்சிக்கு ஒண்ணும் ஆயிராதில்ல? அதை மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் சொல்லாத."

எனக்குத் தெரியாது கண்ணு, நான் படிக்கலை என்று அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிடச் சுலபமான ஒரு வாக்கியம் உலகத்தில் கிடையாது. நான் பின்னட்டையை நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் ஆகாது சாமி. கடைசில ரெண்டு பேரும் கொடுமுடியில சேந்துருவாங்க."

"நெசமா?"

"நெசமாத்தான். ஆடிப் பதினெட்டுக்கு ஊரே ஆத்துக்குப் போகுமில்ல, அப்பத்தான். அக்கா கட்டுச்சோறு கட்டிட்டுப் போவா. தங்கச்சி புதுப் பொடவை கட்டிட்டு அந்தப் பக்கம் நிப்பா."

யார் கேட்டார்கள் புடவையை? யார் கேட்டார்கள் கட்டுச்சோற்றை? கொடுமுடி என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது சின்ன வயதில் போன பதினெட்டு நோம்பிதான். படித்துறை, தண்ணீர், புளிச்சோறு. அதையெல்லாம் எடுத்து இன்னொருவர் எழுதிய கதைக்குள் வைத்துவிட்டேன். அவள் முகம் தெளிந்தது. "என்ன கலர் பொடவைம்மா?" என்று கேட்டாள். மாம்பழக் கலர் என்று அதற்கும் பதில் சொன்னேன்.

காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் ஒரு மத்தியானம் அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் கையில் இல்லை. அழவும் இல்லை.

"அம்மா, கொடுமுடிக்கு எதுக்கெல்லாம் போவாங்க?"

"நோம்பிக்குப் போவாங்க. பரிகாரம் பண்ணப் போவாங்க." சொல்லிக்கொண்டு வந்தவள் அங்கேயே நின்றேன். கையில் அவளுடைய யூனிபார்ம் சட்டை இருந்தது.

"அப்பறம்?"

"அஸ்தி கரைக்கவும் போவாங்க."

என் அப்பாவை அங்கேதான் கரைத்தோம். நானும் கூடப் போய்ப் படித்துறையில் நின்றிருக்கிறேன். அந்தக் கரைக்கு எங்கள் பக்கத்துச் சனம் சந்தோசத்துக்கும் போகும், இதற்கும் போகும். பின்னட்டையில் கொடுமுடி என்று பார்த்தபோது எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இரண்டும் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு நோம்பி மட்டும்தான் தோன்றியது, ஏனென்றால் எனக்கு நல்ல முடிவாக நாலு வரி வேண்டியிருந்தது.

"அக்கா கையில ஒரு மண்சட்டிதான் இருக்குது" என்றாள். "தண்ணியில எறங்கி நிக்கறா. தங்கச்சி அதுக்குள்ள இருக்கா. நீ சொன்னியேன்னு, இது வேற யாரோடதோ, அடுத்த பக்கத்துல தங்கச்சி வந்துருவா, அடுத்த பக்கத்துல வந்துருவான்னு திருப்பிட்டே இருந்தேன். அட்டை வந்துருச்சு."

எதையோ சொல்ல வேண்டுமே என்று, "நான் வேற புக்கோட கொழப்பிக்கிட்டேன் போலிருக்குது கண்ணு" என்றேன். அந்த நேரத்திலும் பொய். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிள்ளைகள் நம்மைக் கண்டுபிடித்துவிட்டால் முகத்தில் கோபம் வராது, ஒரு மாதிரி கூச்சம் வரும். நம்மைப் பார்த்து அவர்கள் வெட்கப்படுவார்கள். அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தெரியாமலேயே இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். நல்ல புத்தகம். கடைசி அத்தியாயத்தில் தேம்பி அழுதேன். யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. பேச வேண்டியவள் பக்கத்து அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது?

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே பார்ட்டி ஹாலில் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் கூடினோம். காப்பி, மெதுவடை. யார் யார் எத்தனை படித்தோம் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். எல்லோருடைய கணக்கையும் வைத்திருந்த மூன்றாம் மாடி அக்காவே எனக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைச்சல் என்று சொல்லி, எனக்காகக் கைதட்டவும் சொன்னார். அவர் முகத்தில் துளி பொறாமை இல்லை. நான் இத்தனை மாதம் அவரோடு ஒண்டியாகவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் என் மகளை எழுப்பினார்கள். அவள் ஒரே ஒரு புத்தகத்தின் பேரைச் சொன்னாள். தமிழில், அத்தனை பெரிய புத்தகமா என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

"ஏங்கண்ணு, உங்கம்மாகூடப் போட்டிருந்தாங்களே, நெறைவான முடிவுன்னு" என்று மூன்றாம் மாடி அக்கா கேட்டார். "நானும் வாங்கி வெச்சிருக்கறேன். அக்காளும் தங்கச்சியும் சேந்துருவாங்களா?"

மகள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "சேந்துருவாங்க ஆன்ட்டி" என்றாள்.

"பாருங்க, அம்மாவாட்டவே புள்ளையும்" என்றார் அக்கா. எல்லோரும் கைதட்டினார்கள். இதற்கு மேல் என்னை யாரும் திட்டியது கிடையாது.

லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். "ஏங்கண்ணு அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்றது? நான் நெசத்தைச் சொன்னா நீ படிக்கலைன்னு எல்லார்த்துக்கும் தெரிஞ்சுருமில்ல."

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குழுவில் எழுதினேன். "நான் போட்டதுல முக்காவாசி நான் படிக்கலைங்க. அந்தக் கொடுமுடிக் கதையோட முடிவு நான் சொன்ன மாதிரி இல்லைங்க. அப்ப நான் படிக்கவே இல்லைங்க. எம்புள்ள எனக்காகப் பொய் சொன்னா." எழுதிவிட்டு, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். இன்னொருவர், "எத்தன படிச்சாலும் உங்களுக்குத் தன்னடக்கமுங்கக்கா" என்றார். மூன்றாம் மாடி அக்கா, "அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நீங்க படிக்காம வேற யாரு படிப்பாங்க" என்று எழுதி ஒரு பூங்கொத்தும் அனுப்பினார். எங்கள் ஊரில் ஒருத்தரை மூஞ்சிக்கு நேரே பொய்க்காரி என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. ஒத்துக்கொண்டாலும் விடமாட்டார்கள். மரியாதையாலேயே என் வாயை அடைத்துவிட்டார்கள்.

மறுபடியும் ஜனவரி வந்தது. எத்தனை என்று குழுவில் கேட்டார்கள். நான் பதில் போடவில்லை. மகள் பால்கனியில் இருந்தாள். ஒரு புதுத் தமிழ்ப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்திலிருந்து தானே எடுத்து வந்திருந்தாள், இதுவும் தடியானதுதான். இப்போது விரல் வைக்காமல் படிக்கிறாள். உதடும் அசைவதில்லை.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்த வருசம் நெசமாவே ரெண்டு பேரும் சேந்து படிக்கலாமா கண்ணு? நீ படிக்கற பக்கத்தையே நானும் படிக்கறேன். ஒரு பக்கம்கூட விடமாட்டேன்."

அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்து யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

"நான் தனியாவே படிச்சுக்கறேன்மா."

"இன்னும் கோவமா சாமி?"

"கோவமெல்லாம் இல்லம்மா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பக்கத்துல இருந்தா, என்ன ஆகும்னு உங்கிட்ட கேக்கணும்னு தோணும். அதான்."

சரி கண்ணு என்றேன். எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.