டொமெனிகோ என்ற பெயரும் நாமகிரிப்பேட்டைப் பயணமும்

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் தங்கை நித்யாவின் கணவர் லூகாவை நாமகிரிப்பேட்டைக்கு அழைத்துப் போனேன். அங்கேதான் எங்கள் அப்பா அம்மா இருக்கிறார்கள். நித்யா பிரசவத்துக்கு வந்திருந்தாள். இத்தாலிக்காரரான லூகாவுக்கு, பையன் பிறந்து நாற்பது நாள் கழித்துத்தான் விடுப்பு கிடைத்தது. மறுநாள் பெயர் சூட்டுவதாக ஏற்பாடு. என்ன பெயர் என்பதுதான் முடிவாகவில்லை.

சென்னையிலிருந்து வந்து சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது மணி 11.10. அங்கிருந்து மல்லூர், ராசிபுரம் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். பஸ் என்றால் ராசிபுரத்தில் மாற வேண்டும். ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். லூகாவின் மூன்று பெட்டிகளைப் பார்த்ததும் டாக்சி பேசினேன், 1,400 ரூபாய்.

"பையனுக்கு என்ன பேருங்க வெக்கறீங்க?" என்றார், பயணத்தின் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட டிரைவர். லூகாவுக்கு அந்த அளவு தமிழ் புரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பனமரத்துப்பட்டி ஏரியைக் காட்டலாமென்று வண்டியைத் திருப்பச் சொன்னேன். நடுவில் மட்டும்தான் தண்ணீர் கிடந்தது. கரையோரக் கடையில் டீ வாங்கிக்கொண்டு நின்றபோது லூகாவே ஆரம்பித்தார். அவருடைய அப்பாவின் பெயர் டொமெனிகோ. 'ஆண்டவனுக்கு உரியவன்' என்று பொருள்படும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். ஞாயிற்றுக்கிழமைக்கும் இத்தாலிய மொழியில் ஏறக்குறைய அதே சொல்தான். அதனால் ஞாயிறன்று பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைப்பது நெடுநாள் வழக்கம். அதே பெயரில் ஒரு புனிதரும் உண்டு. தெற்கே அவருடைய ஊரில், தெருவில் நின்று டொமெனிகோ என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம்.

"மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். ஆனால் நான் வைக்கப் போவதில்லை" என்றார். அப்பாவின் ரொட்டிக்கடையை விட்டுவிட்டு லூகா வேறு வேலைக்குப் போனதிலிருந்து ஆறு வருடம் அப்பா அவரிடம் பேசவில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. போன வருடம் இறந்துபோனார். "அந்தப் பெயரை நான் தினமும் கூப்பிட வேண்டுமா?" என்று கேட்டார் லூகா. டீ ஆறிப்போயிருந்தது.

வீடு சேரும்போது மணி ஒன்றரை. வாசலில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. மகனைக் கையில் வாங்கிய லூகா வெகுநேரம் கீழே விடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அப்பா பேச்சை எடுத்தார்.

"மாப்பிள்ளைங்க, உங்க அய்யன் பேரு என்னுங்க?"

அய்யன் என்றால் அப்பா என்று நான் விளக்கினேன். லூகா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அப்பறமென்னுங்க? மூத்தவனுக்கு அய்யனோட அய்யன் பேருதானுங்களே!"

லூகா அவசரமாகத் தப்பிக்கப் பார்த்தார். இது ஞாயிற்றுக்கிழமைப் பெயர், பையனோ செவ்வாய்க்கிழமை பிறந்தவன் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"எங்க அத்தை பேரு வெள்ளியம்மா. பொறந்தது புதன்கிழமைங்க. ஒருத்தரும் கேக்கலியே" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தோம். லூகா மட்டும் சிரிக்கவில்லை. ஏரிக்கரையில் என்னிடம் சொன்னதை அப்பாவிடமும் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. காரணம் நித்யாவுக்கும் எனக்கும் தெரியும். இந்தக் கல்யாணத்துக்காக எங்கள் அப்பாவும் அவளிடம் ஒரு வருடம் பேசாமல் இருந்தவர்தான்.

அப்பா நித்யாவைப் பார்க்காமலே பேசினார். "நானும் உங்க அய்யனாட்டத்தானுங்க இருந்தேன். ஒரு வருசம் இந்தப் புள்ளைகூட பேசலை. அப்பறம் ஒரு நா போனை எடுத்தேன். எனக்கு அதுக்கு நாள் கெடைச்சுது. அவருக்குக் கெடைக்கலீங்க. அவ்வளவுதான்."

நித்யா எழுந்து உள்ளே போய்விட்டாள். லூகா அன்று மாலை முழுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் காட்டு வரப்பிலேயே நடந்துகொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் பெயர் சூட்டினோம். குழந்தையின் காதில் அத்தைதான் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். லூகாவுக்கு அக்கா தங்கை இல்லாததால் அவரையே சொல்லச் சொன்னார் அம்மா. அவர் குனிந்து முணுமுணுத்தார். பக்கத்திலிருந்த நித்யா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னன்னு சொன்னீங்க? காதுல உழுகலீங்க" என்றார் அப்பா.

"டொமெனிகோ" என்று இந்த முறை உரக்கச் சொன்னார் லூகா.

அப்பா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டு தடவையும் 'தொம்மணிக்கோ' என்றுதான் வந்தது. "மணின்னு கூப்பிட்டாப் போவுதுங்க" என்று முடித்துவிட்டார் விழாவுக்கு வந்திருந்த எங்கள் பெரியம்மா. தன் ஊரில் அதையே மிம்மோ என்று சுருக்குவார்கள் என்றார் லூகா. வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

வெளிநாட்டு உறவினரை அழைத்து வருபவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாசிக்குப் பிறகு வெயில் தாங்காது. வந்தால் தை, மாசியில் வாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க, குழந்தை பிறந்த ஊரின் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். பெற்றோரின் அடையாள அட்டைகளை மறக்காதீர்கள். எழுத்துக்கூட்டலை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

நாங்கள் திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, பையன் பிறந்த ராசிபுரத்தில் நகராட்சி அலுவலகத்தில் இருந்தோம். விண்ணப்பத்தை நான்தான் தமிழில் நிரப்பினேன்: லூ. டொமெனிகோ. முன்னால் இருக்கும் எழுத்து என்ன என்று கேட்டார் லூகா. அப்பா பெயரின் முதல் எழுத்து, இங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம் என்றேன்.

"அப்படியானால் இது நான். பக்கத்தில் என் அப்பா" என்றார். பிறகு காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.